ஒரு ஸ்க்ரூவுல முடியற வேலை இல்ல: பழைய புல்லட் கார்புரேட்டர் ட்யூனிங், ஆரம்பத்துல இருந்து

பழைய புல்லட் வச்சிருக்கற நாலு பேர் ஒரு டீக்கடையில நின்னா, காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கற கார்புரேட்டர் பத்தின பேச்சு தானா வந்துரும். "ஏர் ஸ்க்ரூவை அரை சுத்து டைட் பண்ணு, மைலேஜ் ஏறும்"னு ஒருத்தர் சொல்வார், "லூஸ் பண்ணாதான்யா மைலேஜ்"னு பக்கத்துல இருக்கறவர் சண்டைக்கு வருவார், மூணாவது ஆளு "அதெல்லாம் வேஸ்ட், மெயின் ஜெட்டை மாத்திரு, பிக்கப் பிச்சுக்கும்"பார். இதுல வேடிக்கை என்னன்னா மூணு பேரும் பொய் சொல்லல, அவங்கவங்க வண்டியில பார்த்ததைத்தான் சொல்றாங்க. ஆனா கார்புரேட்டர்ல எந்த பாகம் எந்த நேரத்துல வேலை செய்யுதுன்னு யாருமே உக்காந்து சொல்லித் தர்றதில்ல, அதனால இருக்கற எல்லா நோய்க்கும் வெளிய கைக்கு எட்டற அந்த ஒரே ஸ்க்ரூவைத்தான் எல்லாரும் திருகறாங்க. அந்த ஸ்க்ரூவோட அதிகாரம் எதுவரைக்கும்னு தெரிஞ்சுக்கிட்டாலே பாதி குழப்பம் தீந்துரும்.

எந்த வண்டியை வச்சுப் பேசப்போறோம்

1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி இங்கிலாந்துல ரெடிச்ல இருந்த ராயல் என்ஃபீல்டோட கூட்டு சேர்ந்து நம்ம சென்னையில ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல வருஷக்கணக்கா செஞ்ச அந்த காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் 350 தான் நமக்கு உதாரணம். 346 சிசி, ஒரே சிலிண்டர், போர், அதாவது சிலிண்டரோட உள் அகலம், 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேல கீழ போற தூரம், 90 மில்லிமீட்டர். தண்ணி, ரேடியேட்டர் எதுவும் கிடையாது, சிலிண்டரைச் சுத்தி இருக்கற ஃபின் மேல படற காத்துதான் சூட்டை இறக்கணும். இதைத்தான் ஏர் கூல்டுங்கறோம். இது ஏன் முக்கியம்னு கொஞ்ச நேரத்துல வரேன்.

பின்னாடி வருஷங்கள்ல இந்த வண்டியில நிறைய பேர் பார்த்திருக்கற கார்புரேட்டர் மிக்கார்ப் விஎம்24. ஜப்பான்ல மிக்குனி கம்பெனியோட டிசைன், இங்க செஞ்சது. 24-ங்கறது காத்து போற குழாயோட அளவு, மில்லிமீட்டர்ல. அதுக்கும் முந்தின வண்டிகள்ல அமல்ங்கற கார்புரேட்டர் இருக்கும். ரெண்டுலயும் அடிப்படை ஒண்ணுதான், அதனால இங்க சொல்றது பெரும்பாலும் அதுக்கும் பொருந்தும். கார்புரேட்டரே இல்லாத புல்லட்தான் வேணும்னா 2020-ல பிஎஸ்6 புகை விதி வந்ததுக்கு அப்புறம் வந்த வண்டியை வாங்கிக்கலாம், அதுல எல்லாம் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான், அவங்களுக்கு இந்தத் தலைவலி இல்ல.

முறுக்கினா பெட்ரோல் போகுதா?

போகல. முதல்ல இதை மனசுல இருந்து எடுத்துருங்க. ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது நீங்க திறந்து விடறது காத்தைத்தான். கேபிள் இழுக்கும், உள்ள ஸ்லைடுனு ஒரு உருளை மேல போகும், காத்து வர்ற வழி பெருசாகும், அவ்ளோதான். பெட்ரோல் அந்தக் காத்துக்குப் பின்னாடி தானா வருது.

எப்படி தானா வரும்? அந்தக் காலத்துல வீட்ல கொசுவுக்கு, கரப்பான்பூச்சிக்கு மருந்து அடிக்கற ஃப்ளிட் பம்பு இருந்துச்சே, தகர டப்பா, நீளமா ஒரு குழாய், மரக் கைப்பிடி. அதுல நீங்க பம்பை அழுத்தும்போது மருந்தை யாரும் தள்ளறதில்ல. டப்பாவுக்குள்ள இருந்து மேல நீட்டிக்கிட்டு இருக்கற சின்னக் குழாயோட வாய்க்குக் குறுக்கால காத்து வேகமா பாயுது, வேகமா பாயற இடத்துல அழுத்தம் குறையுது, டப்பாவுக்குள்ள இருக்கற சாதாரண காத்தழுத்தம் மருந்தை அந்தக் குழாய் வழியா மேல தள்ளிருது, மேல வந்ததும் காத்து அதைச் சிதறடிச்சு புகை மாதிரி ஆக்கிருது. கார்புரேட்டரும் அச்சு அசல் இதேதான். பம்பை அழுத்தற வேலையை பிஸ்டன் செய்யுது, ஒரே வித்தியாசம் அது தள்ளறதுக்குப் பதிலா உறிஞ்சுது. பிஸ்டன் கீழ இறங்கும்போது இன்லெட் வால்வு திறந்திருக்கும், காத்து ஏர் ஃபில்டர் வழியா உள்ள பாயும், நடுவுல குறுகலா ஒரு இடத்தைத் தாண்டும்போது வேகம் கூடி அழுத்தம் குறையும். அந்தக் குறுகலான இடத்துக்குப் பேரு வென்ச்சுரி. வென்ச்சுரினு இத்தாலிக்காரர் ஒருத்தர், அவர் பேர்ல இருந்து வந்தது.

மருந்து டப்பாவோட இடத்துல இங்க இருக்கறது ஃப்ளோட் சேம்பர், கார்புரேட்டருக்கு அடியில இருக்கற சின்னக் கிண்ணம். டேங்க்ல இருந்து பெட்ரோல் காக் வழியா இறங்கி இதுல நிக்கும். உள்ள மிதக்கற ஃப்ளோட் மேல ஏறினா ஒரு ஊசி வால்வு வழியை அடைக்கும், இறங்கினா திறக்கும், அதனால பெட்ரோல் மட்டம் எப்பவும் ஒரே அளவுல இருக்கும். இந்த மட்டம் தப்பா இருந்தா மேல நீங்க என்ன ட்யூன் பண்ணாலும் நிக்காது, ஏன்னா எல்லா வழிக்கும் பெட்ரோல் இங்க இருந்துதான் போகுது. வண்டியை நிறுத்தி வச்சா கீழ பெட்ரோல் சொட்டுதுன்னா முதல்ல அந்த ஊசி வால்வைப் பாருங்க, தேஞ்சிருக்கும், இல்ல நடுவுல தூசி மாட்டியிருக்கும்.

இதுவரைக்கும்: முறுக்கறது காத்துக்கு. காத்து வேகமா ஓடினா அழுத்தம் குறையும். அந்தக் குறைவுல பெட்ரோல் மேல வரும்.

எவ்வளவு காத்துக்கு எவ்வளவு பெட்ரோல்

ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காத்து வேணும். எடையில சொல்றப்போ பெருசா தெரியாது, கன அளவுல பாருங்க: ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க ஏறக்குறைய 9,000 லிட்டர் காத்து! நீங்க பங்க்ல பெட்ரோல் போட்டுக்கிட்டு போறீங்க, ஆனா வண்டி சாப்பிடறது பெரும்பாலும் காத்துதான். ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தா ஏன் வண்டி அந்தப் பாடு படுதுன்னு இதுல இருந்தே புரியும்.

இந்த விகிதத்துல பெட்ரோல் கொஞ்சம் தூக்கலா இருந்தா ரிச், குறைச்சலா இருந்தா லீன். இந்த ரெண்டு வார்த்தை போதும், மிச்சம் எல்லாம் இதுலயே சொல்லிரலாம். நல்லா இழுக்கணும்னா 12.5, 13 பக்கம், அதாவது கொஞ்சம் ரிச்சா இருக்கணும்.

இப்ப ஏர் கூல்டு விஷயத்துக்கு வரேன். லீனா ஓட்டினா மைலேஜ் கிடைக்கும்னு சொல்றாங்கல்ல, கொஞ்ச தூரம் வரைக்கும் அது உண்மையும்தான். ஆனா கலவைல பெட்ரோல் கொஞ்சம் கூட இருக்கும்போது அது ஆவியாகறதுக்கே சூட்டை எடுத்துக்கும், உள்ள இருந்து ஒரு குளிர்ச்சி கிடைக்கும். ரொம்ப லீனானா அந்த உதவி போயிரும், அதோட கலவை மெதுவா எரியும், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கற நேரத்துலயும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், வால்வையும் சிலிண்டருக்கு மேல மூடியிருக்கற ஹெட்டையும் வாட்டி எடுத்துரும். தண்ணியால குளிர வைக்கற வண்டில அந்த எக்ஸ்ட்ரா சூட்டை ரேடியேட்டர் வாங்கிக்கும். நம்ம வண்டில வாங்கிக்க ஆளில்ல, அதுவும் மே மாசம் கிண்டி சிக்னல்ல நிக்கும்போது ஃபின் மேல படறதுக்குக் காத்தே கிடையாது. பிஸ்டன் விரிஞ்சு சிலிண்டரைப் பிடிச்சுக்கறது, அதான் சீஸ் ஆகறதும்பாங்களே, அங்கதான் போய் முடியும். ரிச்சா ஓடினா ப்ளக் கறுக்கும், பெட்ரோல் காசு போகும், ரொம்ப நாள் விட்டா ஆயில் கெடும். லீனா ஓடினா இன்ஜின் போகும். அதனால சந்தேகம்னா நான் எப்பவும் ரிச் பக்கம்தான் நிப்பேன், மைலேஜ்ல ரெண்டு கிலோமீட்டர் போனா போகட்டும்.

பெட்ரோல் வர்றதுக்கு வழி ஒண்ணு இல்ல

இந்தக் கட்டுரைல ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன்னா இதைப் படிங்க.

ஃப்ளிட் பம்புல ஒரே குழாய் போதும், ஏன்னா நீங்க எப்பவும் ஒரே மாதிரிதான் அடிக்கறீங்க. இன்ஜின் அப்படியில்ல, சிக்னல்ல நிக்கும்போது துளி காத்து, ஹைவேல ஃபுல்லா முறுக்கும்போது புயல். ரெண்டுக்கும் ஒரே ஓட்டை சரியா பெட்ரோல் கொடுக்காது. அதனால கார்புரேட்டருக்குள்ள தனித்தனி வழிகள் வச்சிருக்காங்க, எவ்வளவு முறுக்கியிருக்கீங்கங்கறதைப் பொறுத்து ஒண்ணுகிட்ட இருந்து இன்னொண்ணு வேலையை வாங்கிக்கும்.

ஆக்ஸிலேட்டரை விட்டுட்டு ஐடிலிங்ல நிக்கும்போது ஸ்லைடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். வென்ச்சுரி நடுவுல காத்து ஓடவே இல்ல, அங்க பெட்ரோல் ஏறாது. ஆனா ஸ்லைடுக்கு அந்தப் பக்கம், இன்ஜின் பக்கம், பிஸ்டன் உறிஞ்சற உறிஞ்சுல நல்ல வேக்குவம் இருக்கும். அந்த இடத்துல பொடியா ஒரு துளை வச்சு அதுக்குத் தனியா பெட்ரோல் கொடுக்கறாங்க. இந்தப் பெட்ரோலை அளக்கறது பைலட் ஜெட். ஜெட்டுங்கறது வேற ஒண்ணுமில்ல, அளந்து துளை போட்ட பித்தளைத் திருகு. இந்தப் பைலட் வழியில பெட்ரோலோட எவ்வளவு காத்து கலக்கணும்னு முடிவு பண்றதுதான் நம்ம புகழ்பெற்ற ஏர் ஸ்க்ரூ. ஐடிலிங்ல இருந்து சுமார் கால் முறுக்கு வரைக்கும்தான் இதோட ராஜ்ஜியம். அதுக்கு மேல அதோட பேச்சு எடுபடாது.

எட்டுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் ஸ்லைடோட அடிப்பக்கம் வெட்டியிருக்கற சரிவு, அதை கட்அவேனு சொல்வாங்க, அது கொஞ்சம் வேலை செய்யும். அதை நாம தொடப்போறதில்ல. மாட்டும்போது அந்த வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்கணும், இது மட்டும் ஞாபகம் இருந்தா போதும்.

கால் முறுக்குல இருந்து முக்கால் வரைக்கும் ராஜா நீடில். ஸ்லைடுல தொங்கற கூம்பு ஊசி இது, கீழ நீடில் ஜெட்டுனு ஒரு குழாய்க்குள்ள இறங்கி நிக்கும். ஸ்லைடு மேல போகப் போக ஊசியும் மேல போகும், கீழ் முனை மெலிசா இருக்கறதால சுத்தி இடைவெளி பெருசாகும், பெட்ரோல் கூட வரும். ஊசி தலையில அஞ்சு வெட்டு இருக்கும், அதுல ஒண்ணுல கிளிப் மாட்டியிருக்கும்.

முக்காலுக்கு மேல, ஊசி நல்லா தூக்கிட்ட பிறகு, அந்த இடைவெளி தடையே இல்ல, அப்பதான் அடியில இருக்கற மெயின் ஜெட் அளவு கணக்குக்கு வரும். நல்லா கவனிங்க, முக்கால்ல இருந்து ஃபுல் வரைக்கும். ஊருக்குள்ள ஓட்டற புல்லட்ல அந்த இடத்துக்கு நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவீங்க? சும்மா "பிக்கப் இல்ல"னு மெயின் ஜெட்டை மாத்தறவங்க, வேலையே செய்யாத நேரத்துல இருக்கற பாகத்தை மாத்திட்டு வித்தியாசம் தெரியுதுன்னு சொல்லிக்கறாங்க.

இன்னொண்ணு, இதெல்லாம் முறுக்கோட அளவு, ஸ்பீடு இல்ல, ஆர்பிஎம்மும் இல்ல. செங்கல்பட்டு ரோட்டுல தனியா அறுபதுல போறதுக்குக் கொஞ்சமா முறுக்கினா போதும், அதே அறுபதுல பின்னாடி ஆளை வச்சுக்கிட்டு ஏற்காடு மலை ஏறணும்னா நல்லா முறுக்கணும். ஸ்பீடாமீட்டர் ஒரே நம்பரைக் காட்டும், உள்ள வேலை செய்யற பாகம் வேற.

சுருக்கமா: ஐடிலிங்ல இருந்து கால் வரைக்கும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், கால்ல இருந்து முக்கால் நீடில், அதுக்கு மேல மெயின் ஜெட். ஓரங்கள்ல ஒண்ணோட ஒண்ணு கலக்கும், கோடு போட்ட மாதிரி இருக்காது.

அப்ப டீக்கடைல யார் சொன்னது சரி?

டைட் பண்ணணுமா லூஸ் பண்ணணுமாங்கற சண்டைக்கு வருவோம். விஎம்24-லயும் அமல்லயும் இருக்கறது ஏர் ஸ்க்ரூ, அது கட்டுப்படுத்தறது காத்தை. உள்ள திருகினா காத்து குறையும், அதனால ரிச். வெளிய எடுத்தா லீன். ஆனா பின்னாடி வந்த, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுல இருக்கற யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் இன்ஜின் புல்லட்ல வர்ற, வேக்குவத்தால ஸ்லைடு ஏறற சிவி டைப் கார்புரேட்டர்ல ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருக்கும், அது விடறது பெட்ரோல் கலந்த கலவையை, உள்ள திருகினா லீன், வெளிய எடுத்தா ரிச். நேர் எதிர். ரெண்டு பேருக்கும் வேற வேற வண்டி, ரெண்டு பேர் சொன்னதும் அவங்க வண்டிக்கு சரி. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கமா, இன்ஜின் பக்கமா, அதைப் பார்த்தா போதும்.

மைலேஜ்? தினம் ஆபீஸ் போய் வர்ற ஓட்டத்துல பெரும்பகுதி கால் முறுக்கைச் சுத்தியும் அதுக்கு மேலயும்தான் போகுது, அதாவது நீடில் கையில. பத்து இருபது வருஷம் ஓடின வண்டியில அந்த ஊசி நீடில் ஜெட்டுல உரசி உரசி ஓட்டை பெருசாயிருக்கும், கண்ணுக்குக்கூடத் தெரியாது, ஆனா நடுவுல எப்பவும் ரிச்சா ஓடும். ஏர் ஸ்க்ரூவைத் திருகித் திருகி நீங்க ஐடிலிங்கைக் கெடுத்துக்கலாம், மைலேஜ் வராது. சென்னைல இருந்தா வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜிபி ரோட்டுல நீடிலும் நீடில் ஜெட்டும் சேர்த்தே கேட்டு வாங்கிட்டு வந்து மாத்திருங்க, ஒண்ணை மட்டும் மாத்தினா அரைகுறைதான்.

ஸ்க்ரூ ட்ரைவரை எடுக்கறதுக்கு முன்னாடி

கார்புரேட்டர் மேல போடற பழில பாதிக்கு மேல வேற இடத்துத் தப்பு. டேப்பட் (வால்வோட இடைவெளி), பாயிண்ட் (ப்ளக்ல பொறி வர வைக்கற ஸ்விட்ச்), ப்ளக், ஏர் ஃபில்டர், எங்கயாவது காத்து லீக். இதையெல்லாம் சரி பண்ணாம ட்யூன் பண்ணா, ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பை செட் பண்ணி வச்ச மாதிரி ஆயிரும், நாளைக்கு முதல் தப்பை யாராவது சரி பண்ணா வண்டி மறுபடி படுத்துரும்.

இந்த இன்ஜின்ல டேப்பட்டை நல்லா குளிர்ந்த பிறகு பார்க்கணும், வால்வு ரெண்டும் மூடியிருக்கும்போது வால்வைத் திறக்கத் தள்ளற கம்பியை, அதான் புஷ்ராடை, விரல்ல சுத்தினா லேசா சுத்தணும், மேல கீழ ஆட்டம் இருக்கக் கூடாது. பாயிண்ட் இருக்கற வண்டின்னா கேப் 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டர். ஆக்ஸிலேட்டர் கேபிள்ல கொஞ்சம் ப்ளே இருக்கணும், ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க, ஐடிலிங் ஏறுச்சுன்னா கேபிள் இழுக்குது.

காத்து லீக் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா ஆளை ஏமாத்தறதுல இதுதான் முதல். கார்புரேட்டரும் ஹெட்டும் சேர்ற இடத்துல இருக்கற ஃப்ளேன்ஜ் அலுமினியம் மாதிரி மென்மையான உலோகம், நட்டை அளவுக்கு மேல இறுக்கினா வளைஞ்சுரும், ஓ-ரிங்கும் காஞ்சிருக்கும், அந்த இடுக்கு வழியா கார்புரேட்டருக்குத் தெரியாமலே காத்து உள்ள போகும். கலவை லீன் ஆயிரும். அறிகுறி என்னன்னா ஐடிலிங் ஒரு இடத்துல நிக்காது, தானா ஏறும், ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ரேஸாகி மெதுவா இறங்கும். ஃப்ளேன்ஜை ஒரு கண்ணாடி மேல வச்சு அடியில வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா, கண்ணாடி மேல எமரி ஷீட்டைப் போட்டு நிதானமா தேய்ச்சு சமமாக்கிக்கலாம். சிலர் இன்ஜின் ஓடும்போது அந்த இடத்துல பெட்ரோலை ஊத்திப் பார்க்கறாங்க, சூடான சைலன்சர் பக்கத்துலயே இருக்கு, தயவுசெஞ்சு வேண்டாம்.

ஜெட்டை க்ளீன் பண்றப்போ கம்பி விடாதீங்க. பைலட் ஜெட் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, பித்தளை வேற, கம்பி ஒரு தடவை உரசினாலே அளவு போச்சு, மேல பொறிச்சிருக்கற நம்பருக்கு அர்த்தமே இல்லாம போயிரும். கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே, அப்புறம் பஞ்சர் கடைல காத்து அடிச்சு ஊதறது, அது போதும்.

ஏர் ஸ்க்ரூ செட் பண்றது

வண்டியைப் பத்து பதினஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு வாங்க, இன்ஜின் நல்லா சூடாகணும், சோக் போட்டிருக்கக் கூடாது. குளிர்ந்த இன்ஜின்ல செட் பண்ணா பெட்ரோல் சரியா ஆவியாகாம சுவர்ல ஒட்டிக்கும், நீங்க அதுக்கு ஈடா ரிச்சா வச்சிருவீங்க, சூடானதும் மூச்சு முட்டும்.

முதல்ல ஏர் ஸ்க்ரூவை மெதுவா உள்ள திருகி உக்கார வைங்க. உக்கார்ற வரைக்கும்தான், இறுக்காதீங்க, முனை நசுங்கிரும். அங்க இருந்து ஒன்றரை சுத்து வெளிய எடுங்க, இது ஆரம்ப இடம். இப்ப ஸ்டார்ட் பண்ணி, ஸ்லைடைத் தாங்கற ஐடிலிங் ஸ்க்ரூவை வச்சு ஆர்பிஎம்மை வழக்கத்தை விட ஒரு பொடி தூக்கி வைங்க. இனி ஏர் ஸ்க்ரூவைக் கால் சுத்து திருப்பறது, நிறுத்தி காது கொடுத்துக் கேக்கறது, மறுபடி கால் சுத்து. அவசரப்படக் கூடாது, ஒவ்வொரு தடவையும் இன்ஜின் செட்டில் ஆக சில நொடி ஆகும். ஏதோ ஒரு இடத்துல ஆர்பிஎம் தானா ஏறி, ஓட்டமும் சீரா இருக்கும், அதைத் தாண்டினா ரெண்டு பக்கமும் இறங்கும். ஏறின அந்த இடம்தான் உங்க வண்டிக்கு சரியான இடம். ஆர்பிஎம் கூடிருச்சுல்ல, ஐடிலிங் ஸ்க்ரூவை வச்சு இறக்கிட்டு, இன்னொரு ரவுண்டு ஏர் ஸ்க்ரூவைப் பாருங்க. கடைசியா சட்டுனு முறுக்கிப் பாருங்க, தயங்காம ஏறணும். தயங்கிட்டு கார்புரேட்டர் வழியாவே "டப்"னு துப்பினா லீன், ஏர் ஸ்க்ரூவை ஒரு சின்ன அளவு உள்ள விடுங்க.

அந்த நல்ல இடம் ஒரு சுத்துக்கும் உள்ளயே வந்தா, பைலட் ஜெட் சின்னதா இருக்கு இல்ல அடைச்சிருக்கு. ரெண்டரை மூணு சுத்து வெளிய எடுத்தும் வரலன்னா பைலட் ஜெட் பெருசு, இல்ல யாரோ கம்பி விட்டிருக்காங்க.

ஐடிலிங் எவ்வளவு வைக்கறது? இங்க ஒரு சண்டை போட்டே ஆகணும். "டுப்... டுப்... டுப்"னு எண்ணற மாதிரி வைக்கறதுதான் கெத்துன்னு ஒரு கூட்டம் இருக்கு, கேக்க நல்லாதான் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இந்த இன்ஜின்ல ஆயில் பம்பை ஓட்டறதும் அதே இன்ஜின் சுத்துதான், ஐடிலிங்ல மெதுவானா ஆயிலும் மெதுவாத்தான் வரும், கனெக்டிங் ராடோட கீழ் பேரிங்கான பிக் எண்டுக்கும், மேல வால்வை அழுத்தற ராக்கருக்கும் அது போதாது. தொள்ளாயிரம் ஆயிரம் ஆர்பிஎம் கிட்ட வைங்க. ரோட்டுல போறவன் திரும்பிப் பார்க்கறதுக்காக பிக் எண்டை அடகு வைக்காதீங்க.

ஆக்ஸிலேட்டர்ல டேப் ஒட்டறது

ஐடிலிங் சரியாச்சு, ஆனா ஓட்டும்போது எங்கயோ இடிக்குது, மிஸ் ஆகுது. எந்த பாகம்னு கண்டுபிடிக்க ஒரு மாஸ்கிங் டேப் போதும். ஆக்ஸிலேட்டர் க்ரிப் மேல ஒண்ணு, பக்கத்துல அசையாத ஸ்விட்ச் மேல ஒரு கோடு. மூடியிருக்கும்போது ஒரு குறி, ஃபுல்லா முறுக்கி ஒரு குறி, நடுவுல கால், பாதி, முக்கால். ஆளில்லாத ரோட்டுல ஓட்டிப் பாருங்க, பிரச்சனை எந்தக் குறிகிட்ட வருதோ அந்தக் குறிக்குச் சொந்தக்கார பாகத்தை மட்டும் தொடுங்க. இவ்வளவு சிம்பிளான விஷயத்தை ஏன் யாரும் செய்யறதில்லன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

அது ரிச்சா லீனான்னு எப்படித் தெரியும்? கம்மியா முறுக்கற இடத்துல பிரச்சனைன்னா ஓடும்போதே சோக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்க, தேறினா லீன், இன்னும் மோசமானா ரிச். ஃபுல்லா முறுக்கும்போது பிரச்சனைன்னா ஒரு பொடி குறைச்சுப் பாருங்க, குறைச்சதும் வண்டி சுறுசுறுப்பானா மெயின் ஜெட் லீன். ரிச்சுக்கு இன்னொரு குணம், காலைல குளிர்ல நல்லா போகும், சூடாக சூடாக மந்தமாகும். சைலன்சர்ல கருப்பு புகை வந்தா ரிச், நீலமா வந்தா அது ஆயில் எரியுது, அதுக்கும் கார்புரேட்டருக்கும் சம்பந்தமே கிடையாது. இறக்கத்துல ஆக்ஸிலேட்டரை விட்டா சைலன்சர்ல பட்பட்டுனு வெடிக்குதா, பைலட் லீனா இருக்கலாம், அதை விட அதிகமா சைலன்சர் ஜாயிண்ட்ல லீக் இருக்கும், அதை முதல்ல பாருங்க.

நடுவுல ரிச்சுன்னா நீடில் கிளிப்பை ஒரு வெட்டு மேல மாத்தணும். மேல மாத்தினா எப்படி குறையும்னு எல்லாருக்கும் குழப்பம் வரும்: கிளிப் இருக்கற இடம் நிலையானது, கிளிப்பை மேல் வெட்டுக்குக் கொண்டு போனா ஊசி கீழ இறங்கும், ஓட்டையை இன்னும் அடைக்கும், லீன். கிளிப்பைக் கீழ் வெட்டுல போட்டா ஊசி மேல வரும், ரிச். ஒரு நேரத்துல ஒரே ஒரு வெட்டு, அதுவும் ஒரு நேரத்துல ஒரே ஒரு பாகம். ஜெட்டையும் நீடிலையும் சைலன்சரையும் ஒரே ஞாயித்துக்கிழமைல மாத்தினா எது எதைச் செஞ்சதுன்னு கடவுளுக்கே தெரியாது.

சைலன்சர்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஷார்ட் பாட்டில், ஃப்ரீ ஃப்ளோ, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழட்டிட்டு கூம்பு ஃபில்டர், இதெல்லாம் போட்டா காத்து சுலபமா போய் வரும், பெட்ரோல் பழைய அளவுலயே இருக்கும், வண்டி லீன். அதுக்குத்தான் மெயின் ஜெட்டை ஒண்ணு ரெண்டு சைஸ் ஏத்தணும், நீடிலும் பார்க்கணும். இதைச் செய்யாம சத்தத்தை மட்டும் வாங்கிட்டுப் போறவங்கதான் அதிகம்.

ப்ளக் கலரை எவ்வளவு நம்பலாம்

ப்ளக் நுனி காஞ்ச கறுப்புக் கரியா இருந்தா ரிச், வெளுத்துப்போய் சுண்ணாம்பா இருந்தா லீன், காபிப்பொடி நிறம்னா சரி. பொதுவா இது உண்மைதான், ஆனா இந்தப் பாடம் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துல எழுதினது. 2000-ல இந்தியா முழுக்க அந்தப் பெட்ரோல் நின்னுருச்சு, இப்ப வர்ற பெட்ரோல்ல ப்ளக் அவ்வளவு தெளிவா நிறம் காட்டாது, சரியா இருக்கற வண்டியிலயே கொஞ்சம் வெளிறித் தெரியும். அதனால வெளுப்பைப் பார்த்து உடனே பயப்படாதீங்க, டேப் டெஸ்ட்டோட சேர்த்துப் பாருங்க. இன்னொண்ணு, ட்ராஃபிக்ல ஊர்ந்துட்டு வந்து வீட்ல ப்ளக்கைக் கழட்டிப் பார்த்தா அது ஐடிலிங்கோட கதையை மட்டும்தான் சொல்லும். நடுப்பகுதி தெரியணும்னா ஆளில்லாத ரோட்டுல அந்த முறுக்குலயே கொஞ்ச தூரம் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடிச்சு இன்ஜினை ஆஃப் பண்ணி ஓரமா நிறுத்திக் கழட்டணும். ப்ளக் கொதிக்கும், கை பத்திரம்.

ஊட்டியும் இ20-யும்

சமவெளியில சரியா செட் பண்ண வண்டி ஊட்டி போனா மந்தமாகும். 2,240 மீட்டர் உயரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கறதுல சுமார் எண்பது சதவீதம்தான். காத்தோட எடை குறைஞ்சாலும் அதே அளவுக்கு பெட்ரோல் குறையாது, அதனால பத்து சதவீதத்துக்குப் பக்கம் ரிச் ஆயிரும். ரெண்டு நாள் டூருக்குப் போறவங்க ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் வெளிய எடுத்து ஐடிலிங்கை மட்டும் சரி பண்ணிக்கிட்டா போதும், எடுத்த அளவை எழுதி வச்சுக்கிட்டு மேட்டுப்பாளையம் இறங்கினதும் பழையபடி வைக்கணும். லீனா வச்ச வண்டியைக் கீழ வெயில்ல ஓட்டக் கூடாது, அது முக்கியம். எப்படியும் இழுவை குறைவாத்தான் இருக்கும், காத்தே குறைவு, அதுக்கு எந்த ஜெட்டாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

இ20 இதுக்கு நேர் எதிர். பெட்ரோல்ல இருபது சதவீதம் எத்தனால், எத்தனாலோட எடையில மூணுல ஒரு பங்குக்கு மேல ஆக்ஸிஜன். அதாவது பெட்ரோல்கூடவே கொஞ்சம் காத்தும் கலந்து வர்ற மாதிரி. சுத்தமான பெட்ரோலுக்கு செட் பண்ண கார்புரேட்டர்ல இதை ஊத்தினா ஏழெட்டு சதவீதம் லீன் ஆகும். இன்ஜெக்‌ஷன் வண்டியில சென்சார் பார்த்து சரி பண்ணிக்கும், நம்ம கார்புரேட்டருக்குக் கண்ணும் இல்ல காதும் இல்ல. பழைய செட்டிங்லயே ஓட்டிட்டு "சமீபமா வண்டி ரொம்ப சூடாகுது, ஏர் ஸ்க்ரூ ஒத்துவரல"ன்னு சொல்றவங்க முதல்ல ஏர் ஸ்க்ரூவை மறுபடி செட் பண்ணி, அப்புறம் நீடில் கிளிப்பை ஒரு வெட்டு கீழ போட்டுப் பார்க்கலாம், நெடுந்தூரம் முறுக்கி ஓட்டறவங்க மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏத்தலாம்.

எத்தனால் தண்ணியையும் இழுத்து வச்சுக்கும், பழைய ரப்பர் பாகங்களுக்கும் ஆகாது. அதனால வண்டியை ரெண்டு மூணு வாரம் எடுக்கப்போறதில்லன்னா காக்கை மூடிட்டு, ஃப்ளோட் சேம்பர்ல இருக்கறது தீந்து இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓட விடுங்க, இல்லன்னா அடியில இருக்கற ட்ரெயின் ஸ்க்ரூவைக் கழட்டி ஒரு பாட்டில்ல பிடிச்சுருங்க. திரும்பி வந்து காக்கைத் திறந்து, சேம்பர் நிரம்பறதுக்கு ஒரு நிமிஷம் விட்டு, அப்புறம் கிக் அடிங்க.